மெழுகுக் கட்டி

கட்டி என்றால் எங்கள் அறையில் இரண்டு பொருள்.
ஒன்று ஆளுக்குள் வளர்ந்தது.
மற்றது, அதை நறுக்கி
நான் மெழுகில் புதைத்தது.
எட்டு வருடத்துச் சிறுநீரகங்கள்,
தொண்ணூற்று மூன்று கட்டிகள்
இரும்பு அலமாரியில் எண் போட்டு.

பனகல் சாலையில் தார் இளகும் மே மாதம்
மெழுகும் இளகிவிடும்.
பிளேடு படுமுன் கட்டி குளிர வேண்டும்.
ஃபிரீசர் நின்றுபோன அன்று
எதிரே ஜிகர்தண்டாக் கடையில்
ஒரு பை ஐஸ் கடன் வாங்கினேன்.
எதுக்கும்மா என்றார்.
கிட்னிக்கு என்றேன்.
அப்ப நன்னாரியும் சேத்துக்கங்க, குளிர்ச்சி என்றார்.

நான்கு மைக்ரான் கனத்தில்
சீவியது நாடாவாக வரும்.
வெந்நீரில் விட்டால் சுருக்கம் நீங்கி மிதக்கும்.
மூச்சை அடக்கி
கண்ணாடியைச் சாய்த்து ஏந்த வேண்டும்.
இந்தப் புற்றின் செல்கள்
காலி செய்த வீடுகள் மாதிரி தெரியும்.
உண்மையில் அங்கே கொழுப்பு நிறைந்திருந்தது.
நாங்கள்தான் ஆல்கஹாலிலும் சைலீனிலும்
கழுவி எடுத்துவிட்டுத்
தெளிந்த செல் என்று பெயர் வைத்தோம்.

இப்போது தேடுவது
பேப்-ஒன் என்கிற புரதத்தை.
இருந்தால் உட்கரு பழுப்பேறும்.
இல்லாவிட்டால் வெறும் நீலம்.
நீலம்தான் கெட்ட செய்தி.
உள்ளதை எண்ணிப் பழகிய கண்ணுக்கு
இல்லாததை எண்ணுவது சிரமம்.
அருகில் ஒரு ரத்தக்குழாயின் சுவரைப் பார்ப்பேன்.
அது பழுப்பாக இருந்தால்
சாயத்தில் பிழையில்லை.
இல்லை என்பது இல்லைதான்.

புரதம் பாதிதான் சொல்லும்,
மீதியை ஃபோன் பண்ணிக் கேள்
என்றார் டாக்டர் எஸ்தர் பொற்கொடி.
அட்டவணையின் கடைசிக் கட்டம் என்னுடையது.
இறந்திருந்தால் ஒன்று.
இருந்தால் பூஜ்யம்.

நாற்பத்தொன்று, திருமங்கலம்.
நல்ல பழுப்பு, ஒரு உட்கரு விடாமல்.
எடுத்தது ஒரு பெண்.
அவரு போயி ரெண்டு வருசமாச்சும்மா,
இந்த நம்பருக்கு நாந்தான் காசு போடுறேன்.
ஏன் என்று படிவத்தில் கேள்வி இல்லை.

ஐம்பத்தெட்டு, சோணைமுத்து,
அரசு பஸ் கண்டக்டர்.
அறுவை முடிந்து ஆறு வருடம்.
முழு நீலம்.
அவர் மனைவியிடம் சொல்ல
இரண்டு வாக்கியம் தயார் செய்துகொண்டு
எண்ணை அழுத்தினேன்.

சோணை பேசுறேன், யாரு?

தயாரித்தது இரண்டும் வாயிலேயே நின்றன.
ஆஸ்பத்திரி, பழைய கணக்கு என்று ஏதோ சொன்னேன்.
அவருக்குப் பேச்சு வேண்டியிருந்தது.
அன்னைக்கு டாக்டரு மூணாவது ஸ்டேஜுன்னாரு,
நான் சிரிச்சுட்டேன்மா.
ஆரப்பாளையத்துல எடுத்த வண்டி
மூணாவது ஸ்டேஜுல ஊரையே தாண்டியிருக்காது,
நமக்குச் சீட்டு உசிலம்பட்டிக்கு.
வீட்டுக்காரி அழுதா.
அவளுக்கு நம்ம ரூட்டு தெரியாதுல்ல.

பிறகு, குரல் இறக்கி,
கணக்கு நேராயிருச்சா என்று கேட்டார்.

லென்சுக்கு அடியில் அவருடைய நீலம்
வெளிச்சத்தோடு இருந்தது.
ஆச்சுங்க என்றேன்.

டாக்டர் நம்பவில்லை.
திரும்பச் சீவி, திரும்பச் சாயமிட்டேன்.
ரத்தக்குழாய் பழுப்பு.
செல்கள் நீலம்.
ஆளும் இருக்கிறார், நீலமும் இருக்கிறது,
எதையும் மாற்றி எழுத முடியாது.

வரைபடம் நேற்று வந்தது.
ஒவ்வொரு சாவுக்கும் கோடு ஒரு படி இறங்குகிறது.
உயிரோடு இருப்பவர்களுக்குப் படி இல்லை,
கோட்டின் மேல் சின்னதாய் ஒரு குச்சி மட்டும்.
நீலக்காரர்களின் கோடு
மடமடவென்று இறங்கி, அப்புறம் தட்டையாக ஓடி
வலது ஓரத்தில் முடிகிற இடத்தில்
ஒற்றைக் குச்சி,
மேல் கம்பியைப் பிடித்து நிற்கிற ஆள் போல.

அது தூசியா என்று
திரையை விரலால் துடைத்துப் பார்த்தேன்.